பக்கத்து காலேஜ் சாரும் நம்ம சாரும் ஒரே டேபிளில்

உங்க டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல "ஃபேகல்டி டெவலப்மென்ட் ப்ரோக்ராம்"னு ஒரு போஸ்டர் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. சுருக்கமா எஃப்.டி.பி. பெரும்பாலும் ஐ.ஓ.டி., பிளாக்செயின், மெஷின் லேர்னிங் மாதிரி தலைப்புதான் இருக்கும். அஞ்சு நாள் ஆன்லைன்ல நடக்கும், கடைசி நாள் ஒரு க்விஸ், அப்புறம் இ-சர்டிஃபிகேட். அந்த சர்டிஃபிகேட் நம்ம சாரோட ஃபைலுக்குப் போகும், அங்கிருந்து அக்ரெடிடேஷன் ஃபைலுக்குப் போகும். நாம உட்கார்ந்திருக்கிற பெஞ்சு வரைக்கும் அது வந்து சேருதான்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு ரொம்பக் கொஞ்சம்தான்.

எஃப்.டி.பி. வேண்டாம்னு நான் சொல்ல வரல. புது டெக்னாலஜி ஆசிரியர்களுக்கும் தெரியணும்தான். ஆனா "ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு ஐகன் வெக்டர் ஏன் புரிய மாட்டேங்குது"ன்னு ஒரு எஃப்.டி.பி. போஸ்டர் யாராவது பார்த்திருக்கீங்களா? நான் நாலு வருஷத்துல ஒண்ணுகூட பார்க்கல. பாடத்துல தடுமாறுற மாணவனுக்குக் கை கொடுக்கிறதுக்கு ஆசிரியர்களுக்கும் லேப் ஸ்டாஃபுக்கும் பயிற்சி வேணும். அந்தப் பயிற்சிக்கு டெல்லியையோ சென்னையையோ எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரே பஸ் ரூட்டில் இருக்கிற மூணு நாலு காலேஜ் சேர்ந்தாலே நடத்திடலாம். அது எப்படி நடக்கும், ஏன் நடக்காம இருக்குங்கிறதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல, இது ஏன் அவசரம்னு சொல்லிடறேன். 2021-22 சேர்க்கையில இருந்து அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகள்ல 7.5 சதவீதம் முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கு. அப்படி வர்றவங்களோட டியூஷன் ஃபீஸை அரசே கட்டுது. இதுபோக முதல் பட்டதாரி சலுகையில வர்றவங்க தனி. வீட்டுல முதல் ஆளா இன்ஜினியரிங் வாசல் மிதிக்கிற நிறைய பேர் இப்போ உங்க பக்கத்து பெஞ்சுலதான் இருக்காங்க. கவுன்சலிங்ல சீட் கிடைச்சாச்சு, ஃபீஸ் பிரச்சினையும் இல்ல. ஆனா முதல் ரெண்டு செமஸ்டர்ல நாலு அரியர் விழுந்துட்டா அந்த சீட்டுக்கு என்ன அர்த்தம்? ஃபைனல் இயர்ல "நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்"னு கம்பெனி மெயில் வரும்போது லிஸ்ட்ல இருந்து விழுற பேரு யாரோடதுன்னு நீங்களும் பார்த்திருப்பீங்க. ஃபீஸ் கட்டுறது அரசாங்கத்தோட வேலை. கிளாஸ்ல கை பிடிச்சுத் தூக்கி விடுறது காலேஜோட வேலை.

தமிழ் மீடியத்துல இருந்து வர்றவங்களுக்குக் கணக்கு தெரியாதுன்னு நினைக்கிறது பெரிய தப்பு. நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். ஹாஸ்டல்ல என் ரூம்மேட் தமிழ் மீடியம். மேட்ரிக்ஸுக்கு "அணி", டிடர்மினன்ட்டுக்கு "அணிக்கோவை", டெரிவேட்டிவுக்கு "வகைக்கெழு"ன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். பிளஸ் டூவில அவன் அணிக்கோவையை என்னைவிட வேகமா போடுவான். ஆனா முதல் செமஸ்டர் மேத்ஸ் கிளாஸ்ல அதே கணக்கு வேற பேர்ல வேற வேகத்துல வந்தப்போ, இது புதுப் பாடம்னு நினைச்சு மிரண்டுட்டான். யாராவது முதல் வாரமே "இது உனக்குத் தெரிஞ்ச அணிக்கோவைதாம்ப்பா"ன்னு சொல்லியிருந்தா போதும். சொல்றதுக்கு அந்த ஆசிரியருக்கும் அந்த வார்த்தை தெரிஞ்சிருக்கணும் இல்லையா? அவங்களும் என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியமா இருந்தா?

இங்கே ஆசிரியர்கள் பக்கமும் கொஞ்சம் பார்க்கணும். ஸ்கூல்ல பட்டதாரி ஆசிரியர் ஆகணும்னா பி.எட். வேணும். இன்ஜினியரிங் காலேஜுக்கு அப்படி எதுவும் இல்ல. பி.இ., எம்.இ. முடிச்சவங்க ஜூன்ல சேர்ந்து, ஜூலையில அறுபது பேர் முன்னாடி சாக்பீஸோட நிற்பாங்க. எப்படிப் பாடம் நடத்துறதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க. தன்னோட காலேஜ் சார் எப்படி நடத்தினாரோ, அதையேதான் இவங்களும் செய்வாங்க.

இதுக்காக நாட்டுல எதுவுமே செய்யலன்னும் சொல்ல முடியாது. தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவே மத்திய அரசோட என்.ஐ.டி.டி.டி.ஆர். நிறுவனங்கள் சென்னை, போபால், கொல்கத்தா, சண்டிகர்னு நாலு ஊர்ல இருக்கு. சென்னை தரமணியில இருக்கிறது 1964ல ஆரம்பிச்சது, அதாவது அண்ணா யுனிவர்சிட்டியைவிடப் பழசு. புதுசா சேர்ற ஆசிரியர்களுக்காக ஏ.ஐ.சி.டி.இ. எட்டு மாட்யூல் கொண்ட ஆன்லைன் பயிற்சியையும் ஸ்வயம் தளத்துல கொண்டுவந்தது. பாடத்திட்டமா பார்த்தா நல்லாவே இருக்கும். பிரச்சினை அதுக்கு அப்புறம்தான். எட்டு மாட்யூல் முடிச்சிட்டுத் திங்கட்கிழமை காலையில கிளாஸுக்குள்ள நுழையும்போது அந்த ஆசிரியர் தனி ஆள். புதுசா ஒண்ணை ட்ரை பண்ணி, அது சொதப்பினா யார்கிட்ட கேட்பாங்க? அதே சப்ஜெக்டை அதே காலேஜ்ல எடுக்கிறவங்க இன்னும் ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க. சில சப்ஜெக்டுக்கு அதுவும் இல்ல.

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980கள்ல இதைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. அவங்க வாதம் சிம்பிள். பயிற்சியில ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறது, செஞ்சு காட்டப் பார்க்கிறது, அங்கேயே செஞ்சு பார்க்கிறது எல்லாம் தேவைதான். ஆனா திரும்பி வந்து சொந்த கிளாஸ்ல செய்யும்போது கூடவே ஒரு சக ஆசிரியர் இருந்து "இங்கே சரி, இங்கே இன்னும் கொஞ்சம்"னு சொன்னாத்தான் அது நிலைக்கும். கிரிக்கெட் கோச்சிங் வீடியோ ஆயிரம் பார்த்தாலும், நெட்ல பக்கத்துல ஒருத்தர் நின்னு எல்போவைப் பார்க்கணும் இல்லையா, அது மாதிரிதான்.

அந்த சக ஆசிரியர் எங்கே இருக்காங்க? பக்கத்து காலேஜ்ல.

ஏற்கெனவே கூடுறாங்க

பலரும் யோசிக்காத ஒரு விஷயம் சொல்றேன். அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ்ல, தன்னாட்சி இல்லாததா இருந்தா, நம்ம எல்லோருக்கும் ஒரே ரெகுலேஷன், ஒரே சிலபஸ், ஒரே நாள்ல ஒரே கொஸ்டின் பேப்பர். 2021 ரெகுலேஷன்ல முதல் செமஸ்டர் "மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்" உங்களுக்கும் அதேதான், இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காலேஜுக்கும் அதேதான். உலகத்துல நிறைய இடத்துல ரெண்டு காலேஜ் சேர்ந்து வேலை செய்யணும்னா முதல் சண்டையே "உங்க பாடம் வேற, எங்க பாடம் வேற"ன்னுதான் வரும். நமக்கு அந்தச் சண்டையே இல்ல.

அதைவிட முக்கியம், செமஸ்டர் முடிஞ்சதும் வேல்யூவேஷன் நடக்குதே, அங்கே பல காலேஜ் ஆசிரியர்கள் ஒரே ஹால்ல உட்கார்ந்து பேப்பர் திருத்துறாங்க. நூத்துக்கணக்கான பேப்பர் பார்க்கிற ஒருத்தருக்கு, பசங்க எந்தக் கேள்வியில எந்த வரியில விழுறாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்ல முடியும். டீ பிரேக்ல அதைப் பத்திப் பேசிச் சிரிக்கவும் செய்வாங்க. கேம்ப் முடிஞ்சதும் அந்த அறிவு எங்கே போகுது? எங்கேயும் போகாது. மார்க் மட்டும் யுனிவர்சிட்டிக்குப் போகும். நம்ம ஊர்ல இருக்கிற மிகப் பெரிய கல்வி ஆராய்ச்சிக் கூட்டம் வருஷத்துக்கு ரெண்டு தடவை கூடி, எதையும் எழுதி வைக்காம கலையுது. எனக்கு இது ரொம்ப நாளா உறுத்துற விஷயம்.

அதனால கூட்டமைப்புன்னு நான் சொல்றது ஒண்ணும் பெரிய கட்டிடம் இல்ல. அந்த டீ பிரேக் பேச்சை மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, ரெண்டு மணி நேரம், ஒரு டேபிளுக்குக் கொண்டு வர்றதுதான்.

ஒரு உதாரணம் எடுத்துப்போம். இது கற்பனைதான், ஆனா கணக்கு நிஜம். ஒரே ரூட்டில் நாலு காலேஜ். ஒவ்வொண்ணுல இருந்தும் ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ் எடுக்கிற ரெண்டு பேர் வர்றாங்க. காலேஜுக்குப் பத்து இன்டர்னல் விடைத்தாள், பேரும் ரிஜிஸ்டர் நம்பரும் மறைச்சது. கேள்வி நமக்கெல்லாம் பழகினதுதான். முதல் வரிசை 6, –2, 2. ரெண்டாவது –2, 3, –1. மூணாவது 2, –1, 3. ஐகன் வேல்யூவும் ஐகன் வெக்டரும் கண்டுபிடி. ஐகன் வேல்யூ 8, 2, 2. இது வரைக்கும் பாதி பேருக்கு மேல வந்திருவாங்க. 8க்கு வெக்டரும் போட்டிருவாங்க. 2க்கு வரும்போதுதான் வண்டி நிற்கும்.

ஏன் நிற்குது? 2ஐப் போட்டா மூணு சமன்பாடும் ஒரே சமன்பாடாச் சுருங்கிடும். நமக்கு மனப்பாடமா தெரிஞ்சது குறுக்குப் பெருக்கல் முறை. அதைப் போட்டா 0, 0, 0 வரும். ஒரு கும்பல் அதையே ஐகன் வெக்டர்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடும். இன்னொரு கும்பல் ஏதோ ஒரு வெக்டர் கண்டுபிடிச்சு, 2 ரெண்டு தடவை வருதேன்னு அதையே ரெண்டு தடவை எழுதும். இன்னும் சில பேர் பேப்பரைக் காலியா விட்டிருப்பாங்க. மூணும் பூஜ்ஜியம் மார்க்தான், ஆனா மூணும் வேற வேற நோய். முதல் ஆளுக்கு "பூஜ்ஜிய வெக்டர் ஐகன் வெக்டர் ஆகாது"ங்கிற வரையறையே போய்ச் சேரல. ரெண்டாவது ஆளுக்கு ரெண்டு வெக்டர் ஒண்ணையொண்ணு சாராம இருக்கணும்னு தெரியல. மூணாவது ஆளுக்குக் கேள்வியில இருக்கிற இங்கிலீஷே புரியாம இருந்திருக்கலாம்.

ஒரே ஒரு காலேஜ்ல பத்து பேப்பரை வச்சுப் பார்த்தா இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, "பசங்க படிக்கல"ன்னு முடிஞ்சிரும். நாப்பது பேப்பரைத் தவறு வகையா பிரிச்சு டேபிள் மேல அடுக்கினா தெரியும். அப்போ ஒரு காலேஜ் மேம் சொல்லலாம்: "நான் அந்த ஒரு சமன்பாட்டை ஒரு தளம்னு சொல்லித் தர்றேன். அந்தத் தளத்துல கிடக்கிற எந்த வெக்டரும் விடைதான். 0, 1, 1 ஒண்ணு. அதுக்குச் செங்குத்தா அதே தளத்துல 1, 1, –1. 8க்கு வந்த 2, –1, 1 இருக்கே, அது அந்தத் தளத்துக்கே செங்குத்து." ஒரு அட்டையும் ரெண்டு பேனாவும் இருந்தா பத்து நிமிஷத்துல காட்டிடலாம். மத்த ஏழு பேரும் அதை அப்படியே அங்கேயே எடுத்துப் பார்ப்பாங்க. அடுத்த வாரம் அவங்கவங்க கிளாஸ்ல நடத்துவாங்க. ஒருத்தர் இன்னொருத்தர் கிளாஸ்ல பின் பெஞ்சுல உட்கார்ந்து, ஆசிரியரைப் பார்க்காம நம்மளைப் பார்ப்பாங்க: எங்கே பேனா நின்னுச்சு, எங்கே பக்கத்தவனை எட்டிப் பார்த்தோம்னு. அடுத்த மாசம் அதே மாதிரி ஒரு கேள்வி, திரும்ப நாப்பது பேப்பர். குறைஞ்சிருக்கா இல்லையா? இல்லைன்னா வேற வழி.

ஜப்பான் பள்ளிகள்ல இதைப் பல தலைமுறையா செய்றாங்க. "ஜுக்யோ கென்க்யூ"ன்னு பேரு, பாடத்தை ஆராய்தல்னு வச்சுக்கலாம். ஸ்டிக்லர், ஹீபர்ட்னு ரெண்டு பேர் 1999ல எழுதின புத்தகத்துக்கு அப்புறம்தான் வெளியுலகம் இதைக் கவனிச்சது. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், கிளாஸ் சரியா போகலன்னா ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டாங்க. எல்லோரும் சேர்ந்துதானே அந்தப் பாடத்தைத் தயார் பண்ணினாங்க, அதனால பாடத்தைத் திருத்துவாங்க. பின் பெஞ்சுல ஹெச்.ஓ.டி. உட்கார்ந்தாலே நம்ம ஆசிரியர்களுக்கு அது இன்ஸ்பெக்ஷன். பக்கத்து காலேஜ்ல இருந்து வர்றவருக்கு அப்ரைசல் எழுதுற அதிகாரம் இல்ல. அதனாலேயே அவர் உட்கார்றது சுலபம்.

நம்ம நாட்டுலயும் இதுக்குப் பக்கத்துல வந்த ஒரு முயற்சி இருந்தது. ஐ.ஐ.டி. பாம்பேயும் ஐ.ஐ.டி. கரக்பூரும் "பத்தாயிரம் ஆசிரியர் பயிற்சி"ன்னு ஒரு திட்டம் நடத்தினாங்க. பாம்பேயில பேராசிரியர் தீபக் பாடக் அதோட முகம். நாடு முழுக்கப் பல காலேஜ்களை ரிமோட் சென்டரா வச்சு, சுத்துவட்டார ஆசிரியர்கள் அங்கே கூடுவாங்க. லெக்சர் நேரலையில வரும். லேப் பகுதியை, முன்கூட்டியே ஐ.ஐ.டி.க்குப் போய்ப் பயிற்சி எடுத்துட்டு வந்த உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் நடத்துவார். லெக்சர் தூரத்துல இருந்து வரலாம், ஆனா கை வச்சுச் செய்றதுக்குப் பக்கத்துல ஆள் வேணும்னு அவங்க புரிஞ்சு வச்சிருந்தாங்க. என் பார்வையில அந்தத் திட்டத்தோட மதிப்பு லெக்சரைவிட, பக்கத்துப் பக்கத்து காலேஜ் ஆசிரியர்களை ஒரே அறையில உட்கார வச்சதுலதான் இருக்கு.

சார் மட்டும் இல்ல

ஸ்டாஃப்னா ப்ரொஃபசர் மட்டும்தான்னு நினைக்காதீங்க. லேப்ல சி.ஆர்.ஓ.வுல வேவ் வரலன்னா நீங்க முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க? லேப் அசிஸ்டென்ட் அண்ணனை. ப்ரெட்போர்டுல எந்த ஓட்டை எதோட கனெக்ட் ஆகியிருக்குன்னு அறுபது பேருக்கும் பொறுமையா சொல்றது அவர்தான். ஆனா அவருக்குன்னு ஒரு பயிற்சி நாள் நான் பார்த்ததே இல்ல. நாலு காலேஜ் லேப் அண்ணன்களும் ஒரு நாள் ஒரே லேப்ல கூடினா, "இந்த எக்ஸ்பெரிமென்ட்ல பசங்க எப்பவும் எங்கே தப்பா கனெக்ட் பண்ணுவாங்க"ன்னு ஒரு பட்டியல் வந்துடும். எந்த லேப் மேனுவல்லயும் அது இருக்காது.

அடுத்தது பாலிடெக்னிக். லேட்டரல் என்ட்ரியில வர்றவங்க நேரா மூணாம் செமஸ்டர்ல உட்கார்றாங்க. மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்கு அங்கே காத்திருக்கிறது "டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்". நாம முதல் வருஷம் ரெண்டு மேத்ஸ் பேப்பர் எழுதிட்டு அதுக்கு வர்றோம். அவங்க டிப்ளமோ கணக்கை வச்சுக்கிட்டு வர்றாங்க. லேப்ல நம்மளைவிடப் பல மடங்கு கெட்டிக்காரங்க, இந்தப் பேப்பர்ல மட்டும் தடுமாறுவாங்க. டிப்ளமோவில என்ன நடத்தினாங்க, எது விட்டுப்போச்சுன்னு நம்ம சாருக்குத் தெரியாது. பக்கத்து பாலிடெக்னிக் சாருக்குத் துல்லியமா தெரியும். ஜூலையில அரை நாள் ரெண்டு பேரும் சிலபஸை எதிரெதிரே வச்சுப் பார்த்தா, ப்ரிட்ஜ் கோர்ஸ்ல என்ன வேணும்னு தெரிஞ்சிடும். இப்போ நடக்கிற ப்ரிட்ஜ் கோர்ஸ் பல இடத்துல யாருக்கு என்ன தெரியாதுன்னு தெரியாமலே நடக்குது.

மாற்றுத்திறனாளி மாணவர்கள் விஷயத்துல கூட்டு முயற்சி இன்னும் அவசியம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடுகள் வருது. டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடுகளும் அதுல அடக்கம். ஒரு காலேஜ்ல பார்வையில்லாத மாணவர் ஒரே ஒருத்தர் இருக்கலாம், சில வருஷம் யாருமே இல்லாம இருக்கலாம். அதனால ஒவ்வொரு காலேஜும் தனித்தனியா நிபுணர் வைக்க மாட்டாங்க. மாணவர் வந்து நிற்கும்போது யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு சின்ன விஷயம் பாருங்க: என்.வி.டி.ஏ.ன்னு இலவச ஸ்க்ரீன் ரீடர் சாஃப்ட்வேர் இருக்கு, யார் வேணா இறக்கிக்கலாம். ஆனா நம்ம வாட்ஸ்ஆப் குரூப்ல சுத்துற நோட்ஸ் எல்லாம் ஜெராக்ஸை ஃபோட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக்கினது. ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் படம், படிக்க ஒரு எழுத்தும் இருக்காது. டைப் பண்ணின ஃபைலா கொடுக்கணும், படத்துக்கு ரெண்டு வரி விளக்கம் எழுதணும், ஸ்க்ரைப் வச்சு எழுதுறவங்களுக்கு சர்க்யூட் டயகிராம் கேள்வியை எப்படி மாத்தலாம்னு யோசிக்கணும். இதெல்லாம் ஒரு நாள் பயிற்சியில வந்துடும். நாலு காலேஜுக்குச் சேர்த்து அனுபவமுள்ள ஒருத்தர் இருந்தா, அடுத்த மாணவர் வர்றதுக்கு முன்னாடியே காலேஜ் தயாரா இருக்கும்.

இன்னொரு விஷயம், எனக்குக் கொஞ்சம் கோபம் வர்ற விஷயம். "ஸ்லோ லேர்னர்ஸ்" லிஸ்ட். நாக் அக்ரெடிடேஷன் மேனுவல்லயே இந்த வார்த்தை இருந்தது, அதனால ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் அந்தப் பேர்ல ஒரு ஃபைல். முதல் இன்டர்னல் மார்க்கைப் பார்த்து ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு நாலு மணிக்கு மேல ரெமெடியல் கிளாஸ். அந்த லிஸ்ட்ல பேர் வந்தவன் அந்தக் கிளாஸுக்கு எப்படி வருவான்? தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் வருவான், இல்ல வரவே மாட்டான். டே ஸ்காலரா இருந்தா காலேஜ் பஸ் போயிடும், அது வேற.

அமெரிக்காவுல மிசௌரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்துல 1973ல டியானா மார்ட்டின் இதைத் தலைகீழாத் திருப்பினாங்க. கஷ்டமான மாணவன்னு லிஸ்ட் போடாதீங்க, கஷ்டமான பாடம்னு லிஸ்ட் போடுங்க. நிறைய பேர் ஃபெயில் ஆகிற பாடத்துக்கு, அதை ஏற்கெனவே நல்லா பாஸ் பண்ணின ஒரு சீனியர் திரும்ப அந்தக் கிளாஸ்லயே உட்காருவார். வாரத்துக்குச் சில தடவை அவர் நடத்துற கூட்டத்துக்கு யார் வேணா வரலாம். சீனியர் லெக்சர் எடுக்க மாட்டார், கேள்வி கேட்டுப் பேச வைப்பார். "சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன்"னு இது பல நாடுகளுக்குப் பரவியிருக்கு. இதுலயும் பயிற்சிதான் உயிர். பயிற்சி இல்லாத சீனியர் என்ன செய்வார்னு உங்களுக்கே தெரியும். நாமளே போர்டுல முழுக் கணக்கையும் போட்டுக் காட்டிட்டு "புரிஞ்சுதா?"ம்போம், எல்லோரும் தலையாட்டுவாங்க. அந்தப் பழக்கத்தை உடைக்க ஒரு நாள் பயிற்சி வேணும். நாலு காலேஜ் சீனியர்களுக்கும் சேர்த்து ஒரே நாள் போதும்.

அப்போ ஏன் நடக்கல?

காலேஜ்களுக்குள்ள போட்டி. ஒரே ரூட்டில் இருக்கிற நாலு காலேஜும் ஒரே ஊர்ப் பசங்களைத்தான் தேடுறாங்க. கவுன்சலிங் நேரத்துல பாஸ் பர்சன்டேஜ்தான் ஆயுதம். "எங்க பசங்க ஐகன் வெக்டர்ல விழுறாங்க"ன்னு பக்கத்து காலேஜ்கிட்ட பேப்பரைக் காட்டுறது, மேனேஜ்மென்ட் பார்வையில எதிரிக்குச் சாவி கொடுக்கிற மாதிரி. பயம் நியாயம்தான். அதனாலதான் பேப்பர்ல பேர் மட்டும் இல்ல, காலேஜ் பேரும் தெரியக் கூடாதுன்னு முதல் நாளே முடிவு பண்ணணும். நாப்பதையும் கலைச்சு ஒரே கட்டா வச்சுட்டா எந்தத் தப்பு யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. காலேஜ் வாரியா எந்த நம்பரும் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

ரெண்டாவது, பெரிய அண்ணன் மனப்பான்மை. நல்லா அக்ரெடிடேஷன் வாங்கின காலேஜ் மத்த காலேஜுக்கு வழிகாட்டுற திட்டங்கள் ஏற்கெனவே உண்டு. ஏ.ஐ.சி.டி.இ.யோட மார்க்தர்ஷன், யு.ஜி.சி.யோட பராமர்ஷ். அதுல அக்ரெடிடேஷன் வாங்குறதுதான் குறி. ஒருத்தர் சொல்லித் தருவார், மத்தவங்க கேட்டுப்பாங்க. நான் சொல்ற டேபிள்ல அது வேலைக்கு ஆகாது. கட்-ஆஃப் 190க்கு மேல மட்டுமே எடுக்கிற காலேஜ் ஆசிரியர், முதல் தலைமுறைத் தமிழ் மீடியம் மாணவனை அதிகமாப் பார்த்திருக்க மாட்டார். கடைசி ரவுண்டுல சீட் நிரம்புற சின்ன காலேஜ் மேமுக்குத்தான் அவனுக்கு எந்த வார்த்தையில ஆரம்பிச்சா புரியும்னு தெரியும். அந்த டேபிள்ல அவங்கதான் சீனியர்.

மூணாவது எம்.ஓ.யு. ரிசப்ஷன்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிற எம்.ஓ.யு.க்கள்ல எத்தனைக்கு உயிர் இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க. ரெண்டு பிரின்சிபால் கைகுலுக்குற ஃபோட்டோவில ஆரம்பிக்கிறது அந்த ஃபோட்டோவோடவே முடிஞ்சிடுது. ஆரம்பிக்க வேண்டியது ஒரே சப்ஜெக்ட் எடுக்கிற எட்டு பேர்கிட்ட இருந்து. கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம்.

நிஜமான தடை நேரம். ஆசிரியர்களுக்குக் கிளாஸ் போக அட்மிஷன் டூட்டி, அக்ரெடிடேஷன் ஃபைல், பஸ் இன்சார்ஜ், ஹாஸ்டல் இன்சார்ஜ்னு எவ்வளவோ. அந்தச் சனிக்கிழமையும் அவங்க சொந்த நேரத்துல போகணும்னா ரெண்டாவது மாசமே கூட்டம் நின்னுடும். அதனால மேனேஜ்மென்ட் கொடுக்க வேண்டியது ஃபண்ட்கூட இல்ல, ஓ.டி. மாசத்துக்கு அரை நாள் ஆன் டியூட்டி, அதை எஃப்.டி.பி. நேரத்துக்குச் சமமா கணக்குல எடுத்துக்கிறது, போய் வர காலேஜ் வேன். டீச்சிங் ஸ்டாஃப் அடிக்கடி மாறுற காலேஜுக்கு இதுல தனி லாபம் உண்டு. ஒருத்தர் வேலையை விட்டுப் போனாலும் அவர் தயார் பண்ணின வொர்க்‌ஷீட்டும் தவறுப் பட்டியலும் கூட்டத்துகிட்ட இருக்கும். அடுத்து வர்றவர் முதல் நாளே வெறுங்கையோட நிற்க வேண்டாம்.

சரி, இதெல்லாம் ஆசிரியர்கள் பாடு, படிக்கிற நாம என்ன பண்ண முடியும்னு கேட்பீங்க. உங்ககிட்ட ஆசிரியர்கள்கிட்ட இல்லாத ஒண்ணு இருக்கு: பக்கத்து மூணு காலேஜ்லயும் ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ். இந்த செமஸ்டர் முதல் இன்டர்னல் முடிஞ்ச அன்னிக்கு நாலு பேரும் ஒரு கூகுள் ஃபார்ம் போடுங்க. கேள்வி ஒண்ணே ஒண்ணு: "எந்த யூனிட்ல, எந்த வரியில நின்னுட்ட?" பேர் வேண்டாம், காலேஜ் பேரும் வேண்டாம், தமிழ்ல எழுதலாம்னு போடுங்க. வர்றதை அப்படியே பிரிண்ட் எடுத்து, உங்க நாலு காலேஜ்லயும் நீங்க தைரியமாப் போய்ப் பேசக்கூடிய ஒரு சார்கிட்டயோ மேம்கிட்டயோ கொடுங்க. கூடவே மத்த மூணு காலேஜ்ல அதே தாள் யார் கையில இருக்குன்னும் சொல்லிடுங்க. ஏற்கெனவே வேல்யூவேஷன் கேம்ப்ல பார்த்துப் பழகினவங்களாத்தான் இருப்பாங்க, ஃபோன் நம்பர் அவங்ககிட்டயே இருக்கும்.